ஆற்றங்கரைக் குடியிருப்பின் ஆல்பத்துக்கு ஒரு ஸ்கேனர்: எப்சன் பர்ஃபெக்ஷன் வி600

ஆற்றையொட்டிய தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர்களின் வீட்டு ஆல்பம் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும். கேமரா எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. இருந்ததும் பெட்டிக் கேமராதான். 120 ஃபிலிம் சுருள் ஒன்றில் 6×9 செ.மீ. அளவில் எட்டே படங்கள் விழும். அந்த எட்டையும் இரண்டு மூன்று வீடுகள் பங்குபோட்டுக்கொள்ளும். குழந்தைப் பருவம் முழுவதற்கும் மிஞ்சுபவை படித்துறையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று, பள்ளிக் குழுப்படம் ஒன்று, யாரோ ஒருவரின் விசேஷத்தில் ஓரமாக விழுந்த முகம் ஒன்று, ஏதோ அட்டைக்காக எடுத்த சிறிய படம் ஒன்று. அவற்றிலும் ஆறு புகுந்திருக்கும். கீழ்விளிம்பில் தண்ணீர் ஏறிய கோடு, மூலையில் வண்டல் பொடி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரண்டு படங்கள், சட்டக் கண்ணாடியிலேயே பிடித்துக்கொண்ட மூன்றாவது.

அப்படிப்பட்ட ஆல்பத்தை முன்னால் வைத்துத்தான் இந்த மதிப்புரை. புத்தம் புதிதாக, தட்டையாக இருக்கும் படத்தை எந்த ஸ்கேனரும் நன்றாகவே எடுத்துவிடும். வளைந்ததும் கறைபட்டதும் உரியத் தொடங்கியதுமான படத்தோடு ஒரு கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு வி600 நல்ல கருவி. ஆனால் அது தானாகச் செய்துதர முன்வரும் உதவிகளில் பெரும்பாலானவற்றை அணைத்துவைக்க வேண்டும். அழுக்கு என்று மென்பொருள் நினைப்பதில் பாதி, இந்த ஆல்பத்தில் செய்தி.

கருவி

2009-ல் வந்த மாடல் இது. கண்ணாடிப் பரப்பு 216×297 மி.மீ., அதாவது ஏ4 தாளைவிடச் சற்று அகலம். யூஎஸ்பி 2.0 கம்பியில் கணினியோடு இணையும், வைஃபை கிடையாது. ஒளி எல்இடி என்பதால் சூடாகும்வரை காத்திருக்க வேண்டாம். மூடிக்குள் இன்னொரு விளக்கு இருக்கிறது; நெகட்டிவ், ஸ்லைடு எடுக்க அதுதான் எரியும். கூட வரும் தாங்கிகளில் 35 மி.மீ. நெகட்டிவ் 12 சட்டங்கள் (ஒரு படத்துக்கு ஒரு சட்டம்), அல்லது அட்டை போட்ட ஸ்லைடு நான்கு, அல்லது 120 ஃபிலிம் 22 செ.மீ. நீளம்வரை வைக்கலாம்.

விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண் 6400 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளிகள். அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். அந்த அளவில் எடுத்தால் கோப்பு பெரிதாகுமே தவிர நுணுக்கம் கூடாது. உண்மையில் கிடைக்கும் தெளிவு அந்த எண்ணில் ஏறக்குறைய கால் பங்குதான். 35 மி.மீ. சட்டம் ஒன்றை 6400-ல், நிறத்தை மிக நுண்ணிய படிகளில் பதியும் 48 பிட்டில் எடுத்தால் ஏறத்தாழ 330 எம்பி வரும். 2400-ல் எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குக் கூடுதலாக எதுவும் தெரியாது.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போடப்படாத ஒன்றுதான் இந்த வேலைக்கு முக்கியம்: உள்ளே இருப்பது சிசிடி உணரி. மெல்லிய, விலை குறைந்த ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் உணரி. சிஐஎஸ் கண்ணாடியோடு ஒட்டிய பொருளை மட்டும் தெளிவாகப் பார்க்கும்; ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பினாலும் மங்கிவிடும். சிசிடியில் லென்சும் ஆடிகளும் இருப்பதால் சில மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதும் பெரிய குறையில்லாமல் விழும். ஈரத்தில் நனைந்து காய்ந்த படம் ஒருபோதும் தட்டையாக இருக்காது. அதை அழுத்தித் தட்டையாக்கப் போனால், பிம்பத்தைத் தாங்கும் மேற்பூச்சான ஜெலட்டின் படலம் விரிசல் விடும். சிசிடி இருந்தால் அழுத்தவே வேண்டாம். வளைந்தபடியே வைத்து எடுக்கலாம். ஆற்றங்கரை ஆல்பத்துக்கு இந்த மாடலைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும்.

மூடியைத் திறப்பதற்கு முன்

நேரம் அதிகம் போவது இங்கேதான். ஸ்கேனரை வாங்கிய அன்றே ஆல்பத்தைப் பிரித்துக் கண்ணாடியில் கவிழ்ப்பவர்கள் இழப்பது அதிகம்.

முதலில் ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், படங்களைக் கழற்றாமல், முழுப் பக்கமாக 300 டிபிஐ-யில் எடுத்துவையுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதும் தகவல்தான். பின்னால் எதுவும் எழுதாத ஒரு படத்தின் ஆண்டை, அதே பக்கத்தில் அதே சட்டையோடு நிற்கும் இன்னொரு படம் சொல்லிவிடும். கழற்றிக் கலைத்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

பிறகு படங்களைத் தரம் பிரிக்க வேண்டும். உலர்ந்து நலமாக இருப்பவை ஒரு பக்கம். பூஞ்சணம் பிடித்தவை தனியாக, மற்றவற்றைத் தொடாமல். ஒட்டிப்போனவை தனியாக.

பூஞ்சணம் பிடித்த படத்தைத் தண்ணீரால் துடைக்கவே கூடாது. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று உடைத்துவிடுவதால், பாதிக்கப்பட்ட இடம் தண்ணீரில் கரையும். துடைத்தால் முகம் பஞ்சோடு வந்துவிடும். படத்தை நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்மையான ஓவியத் தூரிகையால் ஒரே திசையில் மெல்லத் தட்டிவிடுங்கள். முழுவதும் போகாது. போன அளவு போதும். அந்தத் தூரிகையை நல்ல படங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

காய்ந்த வண்டல் வேறு வகை. மணல் துகள் ஸ்கேனர் கண்ணாடியையும் கீறும், அடுத்து வைக்கும் படத்தையும் கீறும். துடைத்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். படத்தைச் சரித்துப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள், பிறகுதான் தூரிகை. வாயால் ஊதினால் எச்சில் தெறித்து ஜெலட்டினில் புள்ளி விழும்.

ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காய்ந்த நிலையில் பிரிக்க முயல்வதுதான் பலரும் செய்யும் தவறு. நனைந்த ஜெலட்டின் மென்மையாகி, காயும்போது பசைபோல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் ஒரு படத்தின் முகம் மற்றதன் முதுகோடு போய்விடும். குளிர்ந்த சுத்தமான நீரில் ஊறவைத்தால் சில சமயம் தானாக விலகும். ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. நார்த்தாளில் அச்சான பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஊறலை ஓரளவு தாங்கும். 1970-களிலிருந்து பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் உள்ள வண்ணப் படங்களில் நீர் ஓரங்களின் வழியாக ஏறிப் படலம் பிரியத் தொடங்கும். பூஞ்சணமும் சேர்ந்திருந்தால் ஊறவைக்கவே வேண்டாம். வெளியே தெரிவதை முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, அந்த அடுக்கை ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி.

சட்டக் கண்ணாடியில் ஒட்டிய படம் என்றால் பிரிக்கவே வேண்டாம். கண்ணாடியை நன்றாகத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி வழியாக எடுத்தாலும் சிசிடியில் சற்று மென்மையாக விழுமே ஒழிய மங்கிப்போகாது. இரண்டு கண்ணாடிகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எண்ணெய் மிதப்பதுபோல் வண்ண வளையங்கள் தெரியலாம். நான்கு மூலைக்கும் மெல்லிய அட்டைத் துண்டு வைத்துச் சட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் போய்விடும்.

பிளாஸ்டிக் தாள் மூடிய, பசைப் பக்கங்கள் கொண்ட ஆல்பம் இன்னொரு தொல்லை. அந்தப் பசை மஞ்சளாகி இறுகிவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துவந்தால் படம் விலகும். நூல் நடுவழியில் நின்றுவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பக்கத்தோடு எடுத்த ஸ்கேன் கையில் இருக்கிறதே, அது போதும்.

அணைக்க வேண்டியவை

எப்சனின் மென்பொருளைத் திறந்ததும் முழுத் தானியங்கி நிலையை விட்டு புரொஃபஷனல் நிலைக்கு மாறுங்கள். பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறினாலும் விஷயம் ஒன்றுதான்.

தம்ப்நெயில் முன்னோட்டத்தை நார்மல் என்று மாற்றுவது முதல் வேலை. தம்ப்நெயில் நிலையில் மென்பொருளே படத்தின் விளிம்பைத் தேடி வெட்டிவிடும். வெள்ளை விளிம்பில் அச்சான மாதமும் ஆண்டும், அலைபோல் வெட்டிய ஓரம், ஆல்பத்தின் முக்கோண மூலை ஒட்டிய தடம், தண்ணீர் ஏறிய கோடு எல்லாம் அந்த வெட்டில் போய்விடும். நார்மலில் நீங்களே கட்டம் வரைந்து, படத்தின் நான்கு பக்கமும் சில மில்லிமீட்டர் கூடுதலாகச் சேர்த்து எடுங்கள். கண்ணாடியின் ஓரத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. பகுதியை ஸ்கேனர் படிக்காது என்பதால் படத்தை விளிம்போடு ஒட்டி வைக்கவும் வேண்டாம்.

டஸ்ட் ரிமூவல் என்பது வெறும் மென்பொருள் தந்திரம். சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட சிறிய புள்ளியை, மெல்லிய கோட்டை எல்லாம் தூசு என்று எடுத்துக்கொள்ளும். ஆற்றங்கரைப் படத்தில் வெளிறிய வானம் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். அந்த வானத்தில் இருப்பவை காற்றாடி, காற்றாடியின் நூல், தொலைவில் ஒரு பறவை, துணி காயப்போட்ட கயிறு, மின்கம்பி, அக்கரை ஆலையின் புகைபோக்கி முனை. இவைதான் முதலில் அழியும். காற்றாடி விடும் சிறுவனின் கை மேலே தூக்கியபடி இருக்கும், காற்றாடி இருக்காது. தூசைப் பிறகு கணினியில் கையால், ஒவ்வொன்றாக எடுங்கள். நேரமாகும், ஆனால் எதை எடுக்கிறோம் என்று தெரியும்.

டிஜிட்டல் ஐஸ் அதைவிட நேர்மையான தொழில்நுட்பம். வண்ண நெகட்டிவில் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, சாயங்கள் அதை ஊடுருவவிட, தூசும் கீறலும் மட்டும் மறைப்பதை வைத்து எது அழுக்கு என்று கண்டுபிடிக்கிறது. வண்ண நெகட்டிவுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; நேரம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஆனால் வழக்கமான கறுப்பு வெள்ளை நெகட்டிவில் பிம்பமே உலோக வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பையும் மறைக்கும். ஆகவே பிம்பத்தையே கருவி அழுக்கு என்று நினைத்து அடர்ந்த பகுதிகளைப் பிசைந்துவிடும். கோடாக் நிறுவனத்தின் பழைய வண்ண ஃபிலிமான கோடாக்ரோம் ஸ்லைடிலும் சிக்கல் உண்டு. இந்த இரண்டுக்கும் ஐஸை அணைத்தே வைக்க வேண்டும்.

அச்சுப் படங்களுக்கும் ஐஸ் வசதி வி600-ல் இருக்கிறது. மடிப்பு, கிழிசல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்துப் பகுதியை வைத்து இட்டு நிரப்பும். கூடத்தில் மாட்டப் பெரிதாக்கி அச்சிட வேண்டுமானால் இரண்டாவது கோப்பாக அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோப்பு ஐஸ் இல்லாமல்தான். நான்காக மடித்த தடம் உள்ள படம் யாரோ ஒருவரின் சட்டைப்பையில் நெடுநாள் இருந்த படம். அந்த மடிப்பை நிரப்பிவிட்டால் அந்தச் செய்தி கோப்பில் இருக்காது.

படத்தின் கூர்மையைக் கூட்டும் அன்ஷார்ப் மாஸ்க் பெரும்பாலும் டிக் போட்டபடியே வரும், அதையும் எடுத்துவிடுங்கள். கூர்மையைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், கூட்டியதைக் குறைக்க முடியாது.

கலர் ரெஸ்டரேஷன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1970-களின் வண்ண அச்சுகளில், ஆல்பத்தின் இருட்டில் இருந்தாலும், சியான் எனும் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறியவை நிறைய. மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். முகத்தில் அது தெரிந்துவிடும். ஆற்றில்தான் ஏமாற்றிவிடும். சாம்பலும் பச்சையுமாக ஓடிய தண்ணீர் படத்தில் செம்மண் கலங்கிய புதுவெள்ளம்போல் தெரியும். வெள்ள ஆண்டு என்று தவறாகக் குறித்துவைக்க இதுவே காரணமாகும். படத்தில் நிச்சயமாக வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பொருள் ஒன்றைப் பாருங்கள்: சுண்ணாம்பு அடித்த சுவர், பள்ளிச் சட்டை, படத்தின் வெள்ளை விளிம்பு. அதுவும் சிவந்திருந்தால் சாயம்தான் போயிருக்கிறது. ஒரே சொடுக்கில் நிறத்தை மீட்கும் வசதி பல படங்களுக்கு வியக்கும் அளவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் மங்கிய நிலையிலேயே 48 பிட்டில் ஒரு டிஃப் கோப்பு (தரம் குறைக்காமல் சேமிக்கும் வடிவம்) எடுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். 24 பிட் கோப்பில் பின்னால் நிறத்தை இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகப் படிகள் தெரியும்.

எந்தப் படத்துக்கு எத்தனை டிபிஐ

எல்லாவற்றுக்கும் 600 என்று போட்டுவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் இந்த ஆல்பத்தில் மிக மதிப்பான இரண்டு வகைப் படங்களுக்கு அது போதாது.

ஒன்று, பெட்டிக் கேமராவின் சிறிய கறுப்பு வெள்ளைப் படம். 6×9 செ.மீ. அளவில் இருந்தால் அது பெரும்பாலும் நெகட்டிவை நேரே தாளில் வைத்து எடுத்த ஒட்டு அச்சு. பெரிதாக்கும் லென்சு நடுவில் வராததால் மிகச் சிறிய முகத்திலும் எதிர்பாராத நுணுக்கம் இருக்கும். இதை 1200-ல் எடுங்கள். ஏறத்தாழ 12 மெகாபிக்சல் வரும், 16 பிட் சாம்பல் டிஃப் 24 எம்பி. படம் பழுப்பேறியிருந்தாலோ, ஈரக்கறை, மைக்கறை இருந்தாலோ, அது கறுப்பு வெள்ளைப் படமே ஆனாலும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். கறை வேறு நிறம் என்பதால் வண்ணக் கோப்பில் அதைப் பிம்பத்திலிருந்து பிரித்தெடுக்க முடியும். சாம்பலில் எடுத்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

இன்னொன்று பள்ளிக் குழுப்படம். 8×10 அங்குலத் தாளில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் நின்றால் ஒரு முகம் ஏறக்குறைய 8 மி.மீ. அகலம். 600-ல் அது 190 பிக்சல், 1200-ல் 380. அடையாளம் காட்டச் சொல்லி ஒருவரிடம் திரையில் காட்டும்போது அந்த வித்தியாசம்தான் பெயரைத் தரும். கோப்பு 115 மெகாபிக்சல். பெரிதுதான், ஆனால் வீட்டுக்கு ஒன்றிரண்டு படங்கள்தானே. 10×12 அங்குலப் படம் கண்ணாடியில் அடங்காது. கால் பங்கு மேற்படியுமாறு இரண்டு பகுதியாக எடுத்துக் கணினியில் ஒட்டலாம். இரண்டாவது பகுதிக்குப் படத்தைத் திருப்பிப் போடாமல் நகர்த்தி மட்டும் வைக்க வேண்டும். ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழுவதால், திருப்பினால் தாளின் சுருக்கங்களின் நிழல் எதிர்த்திசையில் விழுந்து ஒட்டிய இடம் தனியாகத் தெரியும். கனத்த அட்டையில் ஒட்டிய பெரிய குழுப்படம் ஸ்கேனரின் விளிம்பில் ஏறி நிற்கும். அழுத்தினால் பழைய அட்டை முறியும். முகங்களின் குறுக்கே முறியும். அதைக் கேமராவால் எடுப்பதே நல்லது.

சாதாரண வண்ண அச்சுகளுக்கு 600 தாராளம். 10×15 செ.மீ. படம் 8.4 மெகாபிக்சல் ஆகும். கண்ணாடியில் இந்த அளவுப் படங்கள் மூன்றுதான் ஒரே நேரத்தில் அடங்கும், இரண்டு நிமிர்த்தி, ஒன்று படுக்கவைத்து. 9×13 செ.மீ. என்றால் நான்கு.

தேன்கூடுபோல் புடைப்புள்ள பட்டுத்தாளில் அச்சான படங்கள் எல்லா ஸ்கேனரிலும் மினுக்குப் புள்ளிகளோடு வரும். ஒருமுறை எடுத்துவிட்டு, படத்தை 180 பாகை திருப்பி மறுமுறை எடுத்து, கணினியில் நேராக்கி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலடுக்கை 50 சதவீதம் ஆக்கினால், நிழலும் ஒளியும் ஒன்றையொன்று ஈடுகட்டிப் புடைப்பு பெருமளவு மறையும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் கரிய ஓரங்களில் நீலமாக மினுங்கும் வெள்ளிப் பூச்சுக்குப் படத்தை 90 பாகை திருப்பி வைத்துப் பாருங்கள். சில படங்களில் மினுக்கு குறையும்.

ஒவ்வொரு படத்தின் முதுகையும் 300-ல் எடுக்க மறக்க வேண்டாம். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் கணக்கு, தாள் நிறுவனத்தின் மங்கிய அச்சு ஆகியவை காலத்தைச் சொல்லும். எண் முறை எளிதாக இருக்கட்டும்: ஆல்பம் 02, பக்கம் 05, படம் 03, முன் அல்லது பின். ஆட்களின் பெயரைக் கோப்பின் பெயரில் போடாமல் கோப்புக்குள் உள்ள விளக்கப் பகுதியில் எழுதுங்கள். நாளை ஒரு பெயர் தவறு என்று தெரிந்தால் எண்ணை மாற்ற வேண்டியிராது.

நெகட்டிவ் கிடைத்தால்

பழைய பிஸ்கட் டப்பாவில் நெகட்டிவ் கிடைத்தால் அச்சைவிட அதுவே மேல். ஆல்பத்துக்குப் போகாத படங்கள் அதில் இருக்கும்: அசைந்துவிட்டது, யாரோ குறுக்கே வந்துவிட்டார் என்று ஒதுக்கியவை. குறுக்கே வந்தவர் இன்று வேறெங்கும் படமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

120 நெகட்டிவில் வி600 தன் முழுத் திறமையைக் காட்டும். 2400 டிபிஐ போதும். பெட்டிக் கேமராவின் ஒற்றை லென்சு அதற்குமேல் எதையும் பதிந்திருக்காது. 620 என்று சுருளில் எழுதியிருந்தாலும் ஃபிலிம் அகலம் அதேதான், அதே தாங்கியில் அடங்கும். 35 மி.மீ. நெகட்டிவில்தான் இந்தக் கருவி இளைக்கிறது. நடைமுறையில் கிடைப்பது மூன்று மெகாபிக்சல் அளவுக்கான நுணுக்கம்தான். 10×15 அச்சுக்குச் சரி, சுவரில் மாட்டும் அளவுக்குச் சரிவராது. 35 மி.மீ. நெகட்டிவே அதிகம் இருக்கும் வீட்டுக்கு, தனி ஃபிலிம் ஸ்கேனரோ மேக்ரோ லென்சு போட்ட கேமராவோதான் சரி. 110, 127 ஃபிலிம்களுக்குத் தாங்கி கூட வருவதில்லை. 126 ஃபிலிமின் அகலம் 35 மி.மீ. என்றாலும் சட்டம் சதுரம். தானாக வெட்டவிட்டால் தப்பான இடத்தில் வெட்டும்.

நெகட்டிவ் எடுக்கும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். மூடியின் உட்புறத்தில் இருக்கும் வெள்ளைத் தகட்டைக் கழற்ற மறப்பது ஒன்று. கழற்றாவிட்டால் விளக்கின் வெளிச்சம் ஃபிலிமுக்கு வராது. மற்றது, ஃபிலிமைத் தலைகீழாகப் போடுவது. பளபளப்பான பக்கம் கண்ணாடியை நோக்கிக் கீழே இருக்க வேண்டும்; மேலிருந்து பார்த்தால் ஓரத்தில் உள்ள எழுத்துகள் இடவலம் மாறித் தெரிய வேண்டும். தவறாகப் போட்டால் படம் விழும், அழகாகவே விழும், ஆனால் இடவலம் மாறி விழும். முகத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆறு மட்டும் எதிர்ப்பக்கம் ஓடும், ஆலைப் புகைபோக்கி தப்பான கரையில் நிற்கும், படித்துறை தெருவின் மறுமுனைக்குப் போய்விடும். இடத்தை நன்றாக அறிந்தவர்களே இதைப் பார்த்துத் தங்கள் நினைவைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். கடைப்பலகையில் உள்ள எழுத்தையோ, சட்டைப் பொத்தானின் பக்கத்தையோ பார்த்து ஒவ்வொரு படத்தையும் சரிபாருங்கள்.

சுருண்ட 120 ஃபிலிம் தாங்கியில் நடுவில் தொய்ந்து கண்ணாடியைத் தொட்டால் வண்ண வளையம் விழும். தாங்கியின் உயரத்தை இந்த மாடலில் மாற்ற முடியாது. நெகட்டிவை அமிலமற்ற தாள்களுக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகத்தின் கீழ் சில நாள் விட்டுவைப்பதுதான் வழி. இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வர வேண்டாம்.

படத்தின் பின்னணி

எடுத்த கோப்பைத் திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முகங்களை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். அந்தக் குடியிருப்பை யாரும் தனியாகப் படமெடுத்திருக்க மாட்டார்கள். எட்டுப் படங்களில் ஒன்றை ஒரு சுவருக்காக யார் செலவழிப்பார்கள்? ஆகவே குழந்தைகளுக்குப் பின்னால் விழுந்ததுதான் மொத்த ஆவணமும். நீருக்கு மேலே தெரியும் படிகள் எத்தனை என்று எண்ணினால் நீர்மட்டம் தெரியும். சுவரில் நிறம் மாறும் உயரம் முந்தைய வெள்ளத்தின் உயரம். பக்கத்தில் நிற்கும் சிறுவனின் வயதை வைத்து அதை ஏறக்குறைய அடிக்கணக்கில் சொல்லிவிடலாம். கட்டிய தோணிகள், குழாயடியில் வரிசையாகக் குடங்கள், ஆலை வேலை முடிந்து வருபவர்களின் சைக்கிள்கள், இன்று இல்லாத ஒரு சந்து. பெரியவர்கள் இருந்தால் இந்த மூலைகளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, அவர்கள் பேசுவதைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். "இது யார்" என்று கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். "இந்தச் சந்து எங்கே போகும்" என்று கேட்டால் தெரு முழுவதும் வரும். ஒலிக்கோப்புக்கும் படத்தின் எண்ணையே கொடுங்கள்.

மற்ற வழிகள்

கைபேசியில் எடுப்பது சுவரில் மாட்டியவற்றுக்கும், வீட்டைவிட்டு வெளியே தர மறுக்கும் உறவினர்களின் படங்களுக்கும் கைகொடுக்கும். கூகுள் ஃபோட்டோஸ்கேன் பல கோணங்களில் எடுத்துச் சேர்த்துப் பளபளப்பை நீக்குகிறது. ஆனால் குழுப்படத்தின் முகங்களுக்கு அது போதாது. நொடிக்கு ஒரு படம் என்று உருளைகளின் வழியே இழுத்துத் தள்ளும் வேக ஸ்கேனர்கள் நலமான அச்சுகளுக்குச் சரி. வண்டல் படிந்த, ஓரம் உரிந்த படத்தை அதில் விடக் கூடாது. ஒரு மணல் துகள் உருளையில் சிக்கினால் அடுத்து வரும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கோடு விழும்.

வி600-ஐ ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதாக வாங்குவதிலும் தவறில்லை. வாங்கும் முன் இருட்டறையில் கண்ணாடியின் மேல் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்பக்கத்தில் நாளடைவில் மெல்லிய மூட்டம் படிவதுண்டு. அது இருந்தால் படங்களின் கறுப்பு சாம்பலாகிவிடும். துடைக்க வேண்டுமானால் கருவியைப் பிரிக்க வேண்டும். கண்ணாடியில் எதுவும் வைக்காமல் 600-ல் ஒருமுறை ஸ்கேன் செய்து மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால், நீளவாக்கில் கோடு ஏதும் விழுகிறதா என்று தெரியும். மூடி விளக்கு எரிகிறதா என்று ஒரு நெகட்டிவை வைத்தே சோதியுங்கள். மின் அடாப்டர், வெள்ளைத் தகடு, 35 மி.மீ. தாங்கி இவையெல்லாம் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள். முக்கியமாக 120 தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர்கள் அதைத்தான் அடிக்கடி தொலைத்திருப்பார்கள். பெட்டிக் கேமராப் படங்களுக்கு அதுதான் வேண்டும்.